தியேட்டர் கதவில் இருக்கும் அந்தக் குறுக்குக் கம்பி

1/
மால் தியேட்டரில் படம் முடிந்து வெளியே வரும்போது ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு வருவீர்கள். அதில் இடுப்பு உயரத்தில் குறுக்காக ஒரு கம்பி இருக்கும். கைப்பிடி கிடையாது, திருகு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. உடம்பு பட்டாலே போதும், கதவு வெளிப்பக்கமா திறந்துக்கும்.

அந்தக் கம்பி வந்த கதை தெரியுமா? 1903-இல் சிகாகோவில் ஒரு மதியக் காட்சி நாடகம் பார்க்கப் போனவர்களில் 602 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

நீண்ட இழைதான். ஆனா கடைசி வரைக்கும் படிங்க, அடுத்த முறை சினிமாவுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது உதவும்.

2/
ஒரு டாக்டருக்கு நாடகக் கொட்டகையில என்ன வேலைன்னு கேட்கலாம். இருக்கு. தீ விபத்துன்னதும் உடம்பு கருகிச் சாவதுதான் நம் மனசுக்கு வரும். உண்மையில் மூடிய கட்டடத்தில் தீப்பிடித்தால் அதிகம் பேரைக் கொல்வது புகை. அடுத்தது நெரிசல். புகை எங்கே போகும், கூட்டம் எங்கே முட்டும் என்பதைத் தீர்மானிப்பது கட்டடத்தின் வடிவம்.

அந்த வடிவத்தைத் தீர்மானித்தது எது? மேடையில் என்ன காட்டணும் என்கிற ஆசை. இந்த இழை அதைப் பற்றித்தான்.

3/
முதலில் ஒரு தீ விபத்து, ஆனால் சிரிக்கக் கூடியது.

1613 ஜூன் 29, லண்டன். ஷேக்ஸ்பியரின் குழு நாடகம் போடும் குளோப் அரங்கம். எட்டாம் ஹென்றி மன்னனைப் பற்றிய நாடகம். மன்னர் வருகையைக் காட்ட நிஜ பீரங்கியில் வெடி போட்டார்கள். பொறி பறந்து கூரை வேய்ந்திருந்த வைக்கோலில் விழுந்தது. மொத்த அரங்கமும் எரிந்து சாம்பல்.

செத்தது எத்தனை பேர்? ஒருத்தர் கூட இல்லை. ஒருத்தருடைய கால்சட்டையில் தீப்பிடித்தது, அவரே சமயோசிதமாக பீரை ஊற்றி அணைத்துக்கொண்டதாக அந்தக் காலக் கடிதம் ஒன்று சொல்கிறது.

4/
ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் இடம், வைக்கோல் கூரை, மரக் கட்டடம். அப்படியும் எப்படித் தப்பினார்கள்?

குளோப் அரங்கத்தின் நடுப்பகுதிக்குக் கூரையே கிடையாது. திறந்த வானம். நாடகம் பகல் வெளிச்சத்தில் நடக்கும். புகை நேராக மேலே போய்விட்டது. தீ எங்கே, வாசல் எங்கே என்று எல்லாருக்கும் தெரிந்தது. நம்ம தெருக்கூத்துக் களம் மாதிரி யோசிச்சுப் பாருங்க. அங்கே தீப்பிடிச்சா எழுந்து ஓட வேண்டியதுதான், மாட்டிக்க எதுவும் இல்லை.

5/
அடுத்த 250 வருஷத்தில் நாடகம் மாறியது. கூடவே கட்டடமும் மாறியது. ஒவ்வொன்றா பாருங்க.

• கடல், காடு, அரண்மனை எல்லாம் மேடையில் வேண்டும். அதற்கு வரைந்த படுதாக்கள். நொடியில் படுதா மாறணும். அதற்காக மேடைக்கு மேலே உயரமான கோபுரம் கட்டி, டஜன் கணக்கில் துணிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். விளைவு: துணி, மரம், கயிறு நிறைந்த ஒரு புகைபோக்கி.

• ராத்திரியில் நாடகம். அதற்குக் கேஸ் விளக்கு. படுதாவுக்குப் பக்கத்திலேயே வரிசையாகத் தீச்சுடர்.

• மேடை பிரகாசமாகத் தெரியணும் என்பதால் பார்வையாளர் பக்கம் இருட்டு. வாசல் தெரியாது.

6/
• சின்ன மனையில் நிறைய டிக்கெட் விற்கணும். அதனால் பால்கனிக்கு மேல் பால்கனி. கூட்டம் மேலே போய்விட்டது. புகையும் மேலேதான் போகும்.

• மேல்தட்டு மக்கள் வரும் வாசலில் மலிவு டிக்கெட்காரர்கள் வரக் கூடாது. அதனால் மாடிக் காலரிக்குத் தனியாக, குறுகலாக, வளைந்து வளைந்து இறங்கும் படிக்கட்டு.

இதில் எதுவும் யாரையும் கொல்லச் செய்யப்பட்டதில்லை. ஒவ்வொன்றும் காட்சி நல்லா இருக்கணும், வசூல் நல்லா இருக்கணும்னு செய்ததுதான். எல்லாம் ஒரே கட்டடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது 1881 டிசம்பர் 8 அன்று வியன்னாவில் தெரிந்தது.

7/
வியன்னாவின் ரிங் தியேட்டர். இடம் சிறியது, அதனால் உயரமாக, நெருக்கமாகக் கட்டப்பட்டது. கொள்ளளவு சுமார் 1,700. அன்று மாலை ஒஃபென்பாக்கின் இசை நாடகம். மக்கள் இருக்கைகளில் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை.

மேடைக் கேஸ் விளக்குகளைப் பற்றவைக்கும்போது கசிந்த கேஸ் வெடித்தது. மேலே தொங்கிய படுதாவில் தீ. இந்த மாதிரி நேரத்துக்கென்றே மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே இறக்க ஓர் இரும்புத் திரை இருந்தது. யாரும் அதை இறக்கவில்லை. மேடைக்காரர்கள் பின்கதவைத் திறந்து ஓடினார்கள். அந்த வழியாக வந்த காற்று தீயைப் பார்வையாளர் பக்கம் தள்ளியது.

8/
அடுத்து நடந்ததுதான் கொடுமை. இன்னும் வெடிக்காமல் இருக்கட்டும் என்று கேஸை மொத்தமாக மூடிவிட்டார்கள். ஒரே நொடியில் அரங்கம், படிக்கட்டு, நடைபாதை எல்லாம் கும்மிருட்டு. அவசரத்துக்கு வைத்திருந்த எண்ணெய் விளக்குகள் ஏற்றப்படவே இல்லை. கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை. முன்னால் நிற்பவர் கதவை இழுக்கணும்னா பின்னால் இருப்பவர்கள் விலகணும். பயந்த கூட்டம் விலகாது, தள்ளத்தான் செய்யும்.

வெளியே காவல்துறையோ எல்லாரும் மீட்கப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்து அப்படியே அறிவித்தது. உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் படிக்கட்டில் கிடந்தார்கள். அதிகாரபூர்வ எண்ணிக்கை 384. உண்மையில் அதைவிட அதிகம் என்று சொல்பவர்களும் உண்டு.

9/
இதில் என் துறைக்கு ஒரு பெரிய இடம் உண்டு. காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்ல முறையான ஏற்பாடே அந்த நகரத்தில் இல்லை. அத்தனைக்கும் அன்றைய உலகின் மருத்துவத் தலைநகரங்களில் ஒன்று வியன்னா. யாரோமிர் முண்டி என்ற ராணுவ மருத்துவர் மறுநாளே, டிசம்பர் 9 அன்று, இரண்டு பிரபுக்களோடு சேர்ந்து வியன்னா தன்னார்வ மீட்புச் சங்கத்தைத் தொடங்கினார். ஆம்புலன்ஸ் சேவை வரலாற்றில் முக்கியமான மைல்கல் அது. நாம் இன்று 108-ஐ அழைக்கும்போது பின்னணியில் இருக்கும் யோசனையின் ஒரு வேர் அந்தச் சாம்பலில் இருக்கிறது.

எரிந்த இடத்தில் பேரரசர் ஒரு குடியிருப்புக் கட்டடம் கட்டினார். பலர் குடிபோகத் தயங்கிய அந்த இடத்தில் புதிதாகக் கல்யாணமான ஓர் இளம் டாக்டர் குடியேறினார். பெயர் சிக்மண்ட் ஃப்ராய்ட்!

10/
அதே டிசம்பர், 28-ஆம் தேதி, லண்டன் சவாய் தியேட்டர். மேடை விளக்குகள் எல்லாம் மின்சாரம். மக்களுக்கோ மின்சாரம் என்றால் பயம். உரிமையாளர் டி'ஆய்லி கார்ட் மேடைக்கு வந்தார். எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பை மெல்லிய மஸ்லின் துணியால் சுற்றி, எல்லார் கண்முன்னும் உடைத்தார். துணி கருகக்கூட இல்லை. கைதட்டல். பாதுகாப்பு விளக்கத்தையே ஒரு காட்சியாக்கிவிட்டார் மனுஷன்.

சரி, மின்சாரம் வந்தாச்சு, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 1887-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரத்தில், திறந்து ஒரு வருஷம்கூட ஆகாத தியேட்டரில் தீ. மலிவு டிக்கெட் காலரிக்கு இருந்த ஒரே படிக்கட்டில் சிக்கித்தான் பெரும்பாலானவர்கள் இறந்தார்கள். மொத்தம் 186 பேர். பிரபல தியேட்டர் கட்டடக் கலைஞர் வடிவமைத்த கட்டடம் அது.

11/
இப்போ சிகாகோ. இராக்வா தியேட்டர், 1903 நவம்பரில் திறப்பு. பளிங்கு, கண்ணாடி, பிரம்மாண்டப் படிக்கட்டு. விளம்பரத்தில் ஒரு வரி: முற்றிலும் தீப்பிடிக்காத கட்டடம்.

கிறிஸ்துமஸ் விடுமுறை வசூலைத் தவறவிடக் கூடாதென்று அவசரமாகத் திறந்தார்கள். மேடைக்கு மேல் தண்ணீர் தெளிப்பான் இல்லை. தீயணைப்பு நிலையத்துக்கு மணி அடிக்கும் பெட்டி இல்லை. மேடைக் கோபுரத்தின் உச்சியில் புகை வெளியேறும் ஜன்னல்கள் இருந்தன, ஆனால் அடைக்கப்பட்டிருந்தன. வெளிப்புறத் தீப்படிகள் முழுதாக முடியவில்லை.

திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 30, புதன், மதியக் காட்சி. குழந்தைகளுக்கான பாட்டும் கூத்தும் நிறைந்த நாடகம். இருக்கை சுமார் 1,600. அதற்கு மேல் சில நூறு பேர் நின்றுகொண்டு.

12/
இரண்டாம் அங்கம். நிலா வெளிச்சக் காட்சி. அதற்காக அரங்கை இருட்டாக்கி, ஆர்க் விளக்கில் நீல ஒளி பாய்ச்சினார்கள். அந்த விளக்கிலிருந்து பொறி தெறித்து ஒரு துணியில் பட்டது. கையில் இருந்தது டப்பாவில் அடைத்த ஒரு தூள். கீழே இருக்கும் தீயில் தூவலாம். தலைக்கு மேல் எரியும் துணியில் எப்படித் தூவுவது?

நகைச்சுவை நடிகர் எடி ஃபாய், பாதி வேஷத்தோடு மேடை விளிம்புக்கு ஓடிவந்தார். உட்காருங்க, பயப்படாதீங்க என்று மக்களிடம் சொல்லிக்கொண்டே, வாசித்துக்கொண்டிருங்கள் என்று இசைக் குழுவிடமும் கெஞ்சினார். தலைக்கு மேல் எரியும் துண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அவர் பிழைத்தார்.

13/
பாதுகாப்புத் திரையை இறக்கினார்கள். பாதியில் சிக்கி நின்றுவிட்டது. நடிகர்கள் தப்பிக்க மேடையின் பின்பக்கப் பெரிய கதவைத் திறந்தார்கள். டிசம்பர் மாதச் சிகாகோவின் குளிர்காற்று உள்ளே பாய்ந்தது.

இப்போ அந்தப் புகைபோக்கியை நினைச்சுப் பாருங்க. கீழே காற்று வருகிறது. மேலே வழி அடைத்திருக்கிறது. வெப்பக் காற்றுக்கு இருக்கும் ஒரே வழி, பாதி இறங்கிய திரைக்கு அடியில். ஒரு பெரிய தீப்பிழம்பு திரைக்கு அடியில் புகுந்து, கீழ்த்தளத்தில் இருந்தவர்களின் தலைக்கு மேலாகப் போய் நேராகப் பால்கனியைத் தாக்கியது.

14/
பால்கனியில் இருந்தவர்கள் கதவுகளைத் தேடினார்கள். சில கதவுகள் அழகுக்காகத் திரைச்சீலைக்குப் பின்னால் மறைக்கப்பட்டிருந்தன. வெளியேறும் வழி என்று எழுதிய பலகை கிடையாது, அழகைக் கெடுக்கும் என்று. சில கதவுகளில் அமெரிக்கர்களுக்குப் பழக்கமில்லாத ஐரோப்பிய வகைத் தாழ். எப்படித் திறப்பது என்றே தெரியவில்லை.

படிக்கட்டுக்கு ஓடியவர்கள்? அங்கே மடிப்பு இரும்புக் கேட் போட்டுப் பூட்டியிருந்தது. காரணம், மலிவு டிக்கெட் வாங்கியவர்கள் காட்சி நடக்கும்போது நைசாகக் கீழே இறங்கி விலை உயர்ந்த காலி இருக்கையில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது.

சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டடத்தில் வேலை செய்த பெயின்டர்கள் பலகைகளை நீட்டிச் சிலரைக் காப்பாற்றினார்கள். பலர் முடிக்கப்படாத தீப்படியிலிருந்து கீழே விழுந்தார்கள். எல்லாம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

15/
கொஞ்சம் மருத்துவம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக நம் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் ஓடும், ஆனால் ஆக்ஸிஜனைச் சுமக்காது. முதலில் தலைசுற்றல், குழப்பம். கதவு இரண்டடியில் இருந்தாலும் கால் நடக்காது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்கூட இதில் ஏமாந்துவிடும், எல்லாம் சரி என்று எண் காட்டும்.

சூடான புகை தொண்டையைச் சுட்டு வீங்க வைக்கும். நெரிசலில் நசுங்கியவர்களுக்கு மூக்கும் வாயும் திறந்தே இருக்கும். ஆனால் மூச்சு இழுக்க மார்பு விரியணுமே? நாலு பக்கமும் உடல்கள் அழுத்தும்போது அது விரியாது. நின்ற நிலையிலேயே இறந்துவிடுவார்கள்.

அதனால்தான் இந்த விபத்துகளில் பலரின் உடலில் பெரிய தீக்காயமே இருப்பதில்லை.

16/
இராக்வா தியேட்டர் விளம்பரம் பொய்யில்லை. கட்டடம் பெரிதாகச் சேதமாகவில்லை. அடுத்த வருஷமே வேறு பெயரில் மறுபடி திறந்தார்கள். தீப்பிடிக்காத கட்டடம்தான். ஆனால் உள்ளே இருந்த துணியும் மரமும் மனிதர்களும் அப்படி இல்லையே.

வழக்கு நடந்தது. இத்தனை சாவுக்கும் யாரும் சிறை செல்லவில்லை.

ஆனால் ஒரு மாற்றம் வந்தது. கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் விற்பனையாளர் அன்று அந்தக் காட்சிக்குப் போவதாக இருந்தார், வேலை காரணமாகப் போகவில்லை. அந்த நினைப்பு அவரை விடவில்லை. ஹென்றி டூபான்ட் என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து, உடம்பால் மோதினாலே திறக்கும் கதவுக் கம்பியை உருவாக்கினார். 1908-இல் விற்பனைக்கு வந்தது. முதல் ட்வீட்டில் சொன்ன அதே கம்பி. பயந்த மனிதன் யோசிக்க மாட்டான், தள்ளுவான். அந்தத் தள்ளலையே சாவியாக்கிவிட்டார்கள்.

17/
பாடம் கற்றுக்கொண்ட கட்டடம் எப்படி இருக்கும்? 1911 மே 9, எடின்பரோ எம்பயர் தியேட்டர். கிரேட் லாஃபயெட் என்ற புகழ்பெற்ற மேஜிக் கலைஞர். கிட்டத்தட்ட 3,000 பார்வையாளர்கள். காட்சி முடியும் நேரத்தில் ஒரு விளக்கிலிருந்து மேடை அலங்காரத்தில் தீ. மக்கள் அதுவும் வித்தைதான் என்று உட்கார்ந்தே இருந்தார்கள்.

பாதுகாப்புத் திரை இறங்கியது. இசைக் குழுத் தலைவர் உடனே தேசிய கீதத்தை வாசிக்கச் செய்தார். அந்தக் காலத்தில் நிகழ்ச்சி முடிவில் தேசிய கீதம் ஒலிக்கும். எழுந்து நிற்பார்கள், பிறகு வாசலை நோக்கிப் போவார்கள். அன்றும் பழக்கம்போல எழுந்தார்கள், போனார்கள். சுமார் இரண்டரை நிமிடத்தில் மொத்த அரங்கமும் காலி. பார்வையாளர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.

18/
திரைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. லாஃபயெட்டும் அவர் குழுவினர் பலரும் இறந்தார்கள். வித்தை ரகசியம் வெளியே போகக் கூடாதென்று மேடைப் பக்கக் கதவை அவர் பூட்டச் சொல்லியிருந்தார் என்று அன்றைக்கே பேசப்பட்டது.

அவர் உடை அணிந்த உடல் கிடைத்தது, தகனத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து இடிபாட்டில் மோதிரங்களோடு இன்னொரு உடல். முதலில் அனுப்பியது மேடையில் அவரைப் போல வேஷம் போட்டு ஏமாற்ற வைத்திருந்த ஆளின் உடல்!

ஒரே தீ, ஒரே கட்டடம். திறந்த கதவுப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள்.

19/
அப்புறம் உலகம் திருந்திவிட்டதா? 1942, பாஸ்டனில் ஆட்டமும் பாட்டும் நடக்கும் கோகனட் குரோவ் கேளிக்கை விடுதி. முன்வாசலில் சுழலும் கதவு. இரண்டு பக்கமும் கூட்டம் தள்ள, கதவு இறுகிவிட்டது. வேறு கதவுகள் சில பூட்டியிருந்தன. 492 பேர். அவர்களுக்குச் சிகிச்சை தந்த பாஸ்டன் மருத்துவர்கள் லண்ட், பிரௌடர் இருவரும் தீக்காயத்தின் பரப்பைக் கணக்கிட 1944-இல் வெளியிட்ட வரைபடத்தைத்தான் இன்றும் நாங்கள் வார்டில் பயன்படுத்துகிறோம்.

1997 ஜூன் 13, டெல்லி உப்ஹார் தியேட்டர். 'பார்டர்' படம். கீழ்த்தள டிரான்ஸ்ஃபார்மரில் தீ. புகை பால்கனிக்கு ஏறியது. கூடுதல் இருக்கை போட்டதில் பால்கனியின் ஒரு பக்க வழியே அடைபட்டிருந்தது. அவசர விளக்கு இல்லை, அறிவிப்பு இல்லை. 59 பேர். வியன்னாவின் இருட்டு, சிகாகோவின் பூட்டு, 100 வருஷம் கழித்து அப்படியே.

20/
நம்ம ஊரும் விதிவிலக்கில்லை. 2004 ஜனவரி, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் கீற்றுப் பந்தல். கல்யாணத்தைப் படம் பிடிக்கப் போட்ட வீடியோ விளக்கின் மின்கசிவில் தீ. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சிகாகோவில் நிலா வெளிச்சத்துக்கு ஆர்க் விளக்கு. ஸ்ரீரங்கத்தில் முகூர்த்தத்துக்கு வீடியோ விளக்கு. காட்சி அழகா தெரியணும்னு போட்ட வெளிச்சம், பக்கத்தில் எரியும் பொருள், இறங்க நெருக்கமான வழி.

21/
இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். நாலு விஷயம் மட்டும் செய்யுங்க.

• உட்கார்ந்ததும் வந்த வாசலைத் தவிர இன்னொரு வாசல் எங்கேன்னு பாருங்க. ஆபத்தில் எல்லாரும் வந்த வழிக்கேதான் ஓடுவார்கள்.

• அந்தக் கதவு பூட்டியிருந்தாலோ, முன்னால் நாற்காலி அடுக்கியிருந்தாலோ மேனேஜரிடம் சொல்லுங்க. சங்கடப்படாதீங்க.

• புகை வந்தால் குனிந்து போங்க. நல்ல காற்று கீழேதான் இருக்கும். செருப்பு, பை, செல்போன் எதற்கும் திரும்பாதீங்க. லிஃப்ட் வேண்டாம்.

• புகையில் மாட்டி வெளியே வந்தவர் நல்லா இருக்கேன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குரல் கம்மினாலோ, மூக்குமுடி கருகியிருந்தாலோ, சளியில் கரி வந்தாலோ அது அவசரம். தொண்டை வீங்கி மூச்சடைக்கச் சில மணி நேரம் ஆகலாம்.

22/
போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் பக்கவாசல் கேட்டில் பூட்டு தொங்கியது. கேட்டேன். "திறந்து வெச்சா வெளியாள் சாப்பிட வந்துடுறாங்க சார்" என்றார் காவலாளி. சிகாகோவில் கேட்டைப் பூட்டியதும் கிட்டத்தட்ட இதே காரணத்துக்குத்தான். அவரிடம் அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் போய்ச் சாவி எடுத்துட்டு வந்தார்.

மண்டபம், சபா, தியேட்டர் நடத்துற நண்பர்கள் யாராவது இருந்தா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க.